அடையாள அட்டையில் ஓர் இனம், அடுக்களையில் மூன்று

சிங்கப்பூரில் ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் இரண்டு பேரின் சம்பளச் சீட்டை எடுத்துக்கொள்வோம். ஒருவருடையதில் ‘சிண்டா’ என்று சில வெள்ளி பிடித்திருப்பார்கள். அடுத்தவருடையதில் அதே இடத்தில் ‘சிடிஏசி’ என்றிருக்கும். முதலாமவர் இந்தியர், இரண்டாமவர் சீனர். இது வரி கிடையாது. அந்தந்தச் சமூகத்தில் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளின் படிப்புக்கும் குடும்பங்களுக்கும் கைகொடுக்க 1990களின் தொடக்கத்தில் உருவான சுய உதவி அமைப்புகளுக்குப் போகும் பணம். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். கொடுக்காதவரை மாதாமாதம் பிடித்தம் தானாக நடக்கும். எந்த அமைப்புக்கு என்பதைத் தீர்மானிப்பது, அடையாள அட்டையில் அச்சாகியிருக்கும் இனம்.

‘நீ இந்த நாட்டுக் குடிமகன்’ என்பதையும் ‘நீ இன்ன வம்சத்துப் பிள்ளை’ என்பதையும் ஒரே அரசே ஒருவரிடம் சொல்கிறது. எல்லா நாடும் இப்படிச் சொல்வதில்லை. பிரான்ஸை எடுத்துக்கொண்டால், அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனம் கேட்கமாட்டார்கள். அரசின் கண்ணுக்குக் குடிமக்கள் மட்டும்தான் தெரிய வேண்டும், தாத்தா எங்கிருந்து வந்தார் என்பது வீட்டு விஷயம் என்பது அவர்களின் நிலைப்பாடு. சிங்கப்பூர் நேர் எதிர்த் திசையில் போன நாடு. யார் யார் எந்த வேரிலிருந்து வந்தவர் என்று எண்ணி, எழுதி, அதை வைத்தே வீடு ஒதுக்குவதிலிருந்து வேட்பாளர் நிறுத்துவது வரை நடத்துகிறது. பல இனங்கள் சேர்ந்து வாழும் ஒரு நாட்டில் தேசிய அடையாளமும் குடும்ப மரபும் எப்படி உரசுகின்றன, எப்படி ஒத்துப்போகின்றன என்று புதிதாகத் தெரிந்துகொள்ள நினைப்பவருக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். நாமும் அந்தக் கணக்கில் இருக்கிறோம் என்பது கூடுதல் காரணம்.

தேசிய அடையாளம் என்றால் என்ன?

ஒரு நாட்டு மக்கள் தங்களை ‘நாம்’ என்று நினைக்க வைக்கும் பொதுவான விஷயங்களின் தொகுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். கொடி, தேசிய கீதம், பொதுவான சட்டம், பள்ளியில் படித்த வரலாறு, எல்லாருக்கும் பழகிய சாப்பாடு, எல்லாரும் சேர்ந்து குறைபட்டுக்கொள்ளும் விஷயங்கள்கூட இதில் அடக்கம். பழைய நாடுகளில் இவை எப்போதோ உருவாகி, காலங்காலமாக இருப்பவைபோலத் தோன்றும். சிங்கப்பூரில் அப்படித் தோன்ற வழியில்லை. 1965 ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து பிரிந்து தனி நாடானது. அதற்கு ஓராண்டு முன்புதான், 1964 ஜூலை 21 அன்று, நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் கலவரம் மூண்டு 23 பேர் இறந்தார்கள். செப்டம்பரில் மறுபடியும் மோதல், மேலும் 13 உயிர்கள். தேசிய அடையாளத்தை அவசரமாக, கண்ணெதிரே கட்ட வேண்டியிருந்தது.

கட்டியவர்கள் யார் என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். தேசிய கீதத்தை இயற்றிய சுபிர் சைட் சுமத்ராவின் புக்கிட்டிங்கியில் பிறந்தவர். கொடியை உருவாக்கும் பொறுப்பை ஏற்ற தோ சின் சாய் மலாயாவின் பேராக் மாநிலத்துக்காரர். இனம், மொழி, சமயம் பார்க்காமல் ஒன்றுபட்ட மக்களாக இருப்போம் என்று மாணவர்கள் நெஞ்சில் கை வைத்துச் சொல்லும் பற்றுறுதியை 1966-ல் எழுதிய எஸ். ராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிரம்பானில் வளர்ந்தவர். சிங்கப்பூரராக இருப்பது வம்சாவளி சம்பந்தப்பட்டதல்ல, நம்பிக்கையும் விருப்பமும் சம்பந்தப்பட்டது என்று சொன்னவரும் அவர்தான். மூன்று பேருமே வெளியில் பிறந்தவர்கள் என்பதால், அந்த வாக்கியத்துக்கு அவர்களே சாட்சி.

அரசமைப்புச் சட்டப்படி தேசிய மொழி மலாய். ஆட்சிமொழிகள் மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் என நான்கு. தேசிய கீதம் மலாயில் மட்டும்தான். மக்களில் நான்கில் மூன்று பங்காக இருக்கும் சீனர்களும் அதை மலாயில்தான் பாடுகிறார்கள். மலாய்ப் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத பிள்ளைகூட அதைத் தினமும் மலாயில் பாடுகிறது.

குடும்ப மரபு என்றால் என்ன?

தீபாவளி, பெருநாள், சீனப் புத்தாண்டு என்று பெரிய பட்டியலை நீட்டிவிடத் தோன்றும். ஆனால் மரபு பெரும்பாலும் அதைவிடச் சின்ன இடங்களில் இருக்கிறது. புத்தாண்டுக்கு முந்தின இரவு சாப்பாடு யார் வீட்டில், காலில் விழுந்து வணங்குவதா வேண்டாமா, குழந்தைக்கு மூன்றாவது பெயராக யார் பெயரை வைப்பது, அசைவம் எந்த நாள் கூடாது, பாட்டி இறந்த திதிக்கு என்ன சமைப்பது: இதெல்லாம் எந்தச் சட்டத்திலும் இல்லை. யாரோ ஒருவர் வீட்டில் செய்ததால் அடுத்தவர் செய்கிறார், அவ்வளவுதான்.

இந்தச் சின்ன இடங்களில் மரபு பக்கத்து வீட்டுக்குத் தாவுவதும் உண்டு. சீனப் புத்தாண்டுக்குப் பெரியவர்கள் சிவப்பு உறையில் பணம் வைத்துக் கொடுப்பார்கள், அங் பாவ். அதைப் பார்த்து மலாய்க் குடும்பங்கள் நோன்புப் பெருநாளுக்குப் பச்சை உறையில் கொடுக்க ஆரம்பித்தன. இப்போது தேக்கா பக்கத்துக் கடைகளில் தீபாவளிக்கென்று மயிலும் குத்துவிளக்கும் அச்சிட்ட உறைகள் கட்டுக் கட்டாகத் தொங்குகின்றன. நம் பிள்ளைகள் அதையும் ‘அங் பாவ்’ என்றேதான் கேட்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த ஒரு சித்தப்பா வெறும் கையில் நூறு வெள்ளித் தாளை நீட்டினால், பிள்ளை வாங்கிக்கொள்ளும், ஆனால் ஒரு மாதிரிப் பார்க்கும்.

நான்கு பெட்டிகள்

சரி, அரசு இந்தப் பன்மையை எப்படிக் கையாள்கிறது? நான்கு பெட்டிகளாக: சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர். 2020 கணக்கெடுப்பின்படி குடியிருப்பவர்களில் சீனர் 74.3%, மலாய்க்காரர் 13.5%, இந்தியர் 9%, மற்றவர் 3.2%. இது பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப் போன கணக்கெடுப்புப் பழக்கத்தின் தொடர்ச்சி. ‘இந்தியர்’ பெட்டிக்குள் தமிழர், மலையாளி, பஞ்சாபி, சிந்தி, குஜராத்தி எல்லாரும் உண்டு. அதோடு பாகிஸ்தான், பங்களாதேஷ், இலங்கை வம்சாவளியினரும் அதே பெட்டிதான். இலங்கையில் பிறந்த ராஜரத்தினம் கணக்கில் இந்தியர்.

பெட்டியால் என்ன நடக்கிறது என்பதற்கு வீட்டைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. சிங்கப்பூரர்களில் பத்தில் எட்டுப் பேர் வாக்கில் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய அடுக்குமாடிகளில் வாழ்கிறார்கள். ஒரே இனத்தவர் ஒரே பேட்டையில் குவிய ஆரம்பித்ததைப் பார்த்து, 1989 மார்ச்சில் ஒரு விதி வந்தது. ஒரு புளோக்கில் சீனர் 87%, மலாய்க்காரர் 25%, இந்தியரும் மற்றவரும் சேர்ந்து 15%, இதுதான் இன்றைய உச்ச வரம்பு. பேட்டை அளவில் இன்னும் கொஞ்சம் குறைவு. நூறு வீடுள்ள புளோக்கில் பதினைந்து இந்திய, மற்ற வீடுகள் ஏற்கெனவே இருந்தால், பதினாறாவதாக வரும் இந்தியக் குடும்பம் அந்தப் பதினைந்தில் ஒன்றைத்தான் வாங்க முடியும்.

பலன் கீழ்த்தளத்தில் தெரியும். சனிக்கிழமை மலாய்க் கல்யாணம்: பந்தல், கொம்பாங் மேளம், பிரியாணி வாசனை. அடுத்த வாரம் அதே தூண்களுக்கு நடுவே சீன இறுதிச் சடங்கு: வெள்ளைத் துணி, ஊதுபத்தி, இரவெல்லாம் வேர்க்கடலை கொறித்தபடி விழித்திருக்கும் உறவினர்கள். லிஃப்டுக்குப் போகிற வழியில் குரலைத் தாழ்த்திக்கொள்ள நாலு வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

விலையும் இருக்கிறது. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் ஓர் இந்தியர் வீட்டை விற்க வேண்டுமானால், வாங்க ஆசைப்படும் சீனருக்கு விற்க முடியாது. சந்தையில் வாங்குபவர் பெரும்பாலும் சீனர். ஆக அவருக்குக் கிடைக்கும் ஆள் குறைவு, விலையும் குறைவு. இந்தக் குறை நீண்டகாலமாகச் சொல்லப்பட்டு, 2022-ல்தான் மிகச் சிரமப்படும் சிறுபான்மை வீட்டுக்காரர்களிடமிருந்து கழகமே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. கலந்து வாழ்வதன் நன்மை எல்லாருக்கும், அதற்கான கட்டணத்தில் பெரும்பங்கு சிறுபான்மையினர் தலையில். என் கணக்கில் இந்தக் கொள்கையின் மிகப் பலவீனமான இடம் இது. ஆனாலும், விதியை எடுத்துவிடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நாடு காக்கும் மரபு, நாடு கைவிட்ட மரபு

பெட்டி இருந்தால் அதற்குள் ஒரு மொழி வேண்டும். பள்ளியில் ஆங்கிலத்தோடு ‘தாய்மொழி’ ஒன்றும் கட்டாயம். சீனருக்கு மாண்டரின், மலாய்க்காரருக்கு மலாய், இந்தியருக்குத் தமிழ். தமிழர் அல்லாத இந்தியர் இந்தி, வங்காளம், பஞ்சாபி, குஜராத்தி, உருது ஆகியவற்றில் ஒன்றை எடுக்கலாம். கவனியுங்கள், இங்கே தாய்மொழி என்பது தாய் பேசும் மொழி அல்ல. பெட்டிக்கு ஒதுக்கப்பட்ட மொழி.

தமிழுக்கு இது வரம். வீட்டில் அதிகமாகப் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2010-ல் 3.3% பேர், 2020-ல் 2.5%. அப்படியிருந்தும் நாணயத் தாளில், நாடாளுமன்றத்தில், பள்ளித் தேர்வில், ஏப்ரல் மாதம் முழுக்க நடக்கும் தமிழ்மொழி விழாவில் தமிழ் இருக்கிறது. வீட்டில் ஆங்கிலத்துக்கு மாறிவிட்ட குடும்பத்துப் பிள்ளையையும் நாடு இழுத்துப் பிடித்துத் தமிழ் வகுப்பில் உட்கார வைக்கிறது. மரபைக் காப்பது வீடு, அதைக் கரைப்பது நாடு என்று நாம் வழக்கமாக நினைப்போம். இங்கே கதை தலைகீழ்.

ஹோக்கியன், தியோச்சியூ, கான்டனீஸ் போன்ற மொழிகளுக்கு நடந்தது வேறு. சீனக் குடும்பங்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசியவை இவைதான். இவை ஒன்றுக்கொன்று எளிதில் புரியாதவை. 1979-ல் மாண்டரின் பேசுவோம் இயக்கம் தொடங்கியது. சில ஆண்டுகளில் வானொலி, தொலைக்காட்சியிலிருந்து இந்த மொழிகள் ஏறக்குறைய மறைந்தன. சீனர்கள் ஒரே பெட்டி என்றால் ஒரே மொழி இருக்கட்டும் என்பது கணக்கு. அந்தக் கணக்கில் விழுந்த ஓட்டை, பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவில் திறந்தது. பாட்டிக்கு ஹோக்கியன் மட்டும், பேத்திக்கு ஆங்கிலமும் மாண்டரினும். இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசிக்கொள்வார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இயக்கத்தைத் தொடங்கிவைத்த லீ குவான் யூவே ஆங்கிலமும் மலாயும் புழங்கிய பெரானாக்கான் வீட்டில், அதாவது மலாய்ப் பழக்கங்கள் கலந்த சீன வம்சாவளிக் குடும்பத்தில் வளர்ந்து, பெரியவரான பிறகு மாண்டரின் கற்றவர்.

அதாவது, ‘மரபைப் பாதுகாக்கிறோம்’ என்று ஒரு நாடு சொல்லும்போது, அது எல்லா மரபையும் பாதுகாப்பதில்லை. சிலவற்றைத் தேர்ந்தெடுக்கிறது. பண்டிகை விடுமுறையிலும் அப்படித்தான். தீபாவளிக்கு விடுமுறை உண்டு. தைப்பூசத்துக்கும் முன்பு இருந்தது, 1968-ல் விடுமுறைகளைக் குறைத்தபோது எடுத்துவிட்டார்கள். காவடி மட்டும் நின்றபாடில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை ஆண்டுதோறும் நடக்கிறார்கள்.

பெட்டிக்குள் அடங்காதவர்கள்

மலாக்கா செட்டிகளைத் தெரிந்துகொண்டால் இந்தத் தலைப்பு பாதி புரிந்துவிடும். நகரத்தார் வேறு, இவர்கள் வேறு. மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வணிகத்துக்கு வந்த தமிழர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களின் வழித்தோன்றல்களுக்கு வீட்டு மொழி மலாய், பெண்களின் உடை சாரோங் கெபாயா, சமையலில் பெலாச்சான் என்ற இறால் விழுதும் தேங்காய்ப்பாலும். சமயம் மட்டும் அழுத்தமான சைவம். 1781-ல் கட்டிய பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் மலாக்காவில் அவர்களுடையது. அதே தெருவரிசையில் கம்போங் கிளிங் பள்ளிவாசலும் செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் இருக்கின்றன.

போகி அன்று இவர்கள் முன்னோருக்குப் படைக்கிறார்கள், பர்ச்சு பொங்கல் என்று பெயர். வாழை இலைகளை வரிசையாக விரித்து, சோறு, கறி, சம்பல், குவே பலகாரங்கள் என்று இறந்தவர்கள் விரும்பியதையெல்லாம் வைத்து, சாம்பிராணி காட்டி, கொஞ்ச நேரம் விலகி நிற்பார்கள். மதுரைப் பக்கத்திலிருந்து யாராவது போய் நின்றால் என்ன நடக்கிறது என்று கேட்கவே வேண்டியதில்லை. இலையில் இருப்பது மட்டும் பாதி தெரியாததாக இருக்கும், வேண்டிக்கொள்ளும் மொழி மலாயாக இருக்கும்.

இவர்களில் சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்தவர்களும் உண்டு. அட்டையில் இந்தியர். தமிழ் தெரியாத, தலைமுறை தலைமுறையாகப் பொங்கல் வைக்கிற இந்தியர். 2018-ல் லிட்டில் இந்தியாவில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம் இவர்களைப் பற்றிக் கண்காட்சி வைத்த பிறகுதான், இப்படியொரு கூட்டம் இருப்பதே பலருக்குத் தெரியவந்தது.

இதற்கு இணையான இன்னொரு கதை நாட்டின் உச்சப் பதவியிலேயே நடந்தது. 2017 அதிபர் தேர்தல் மலாய்ச் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்டது. தேர்வான ஹலிமா யாக்கோபின் தந்தை இந்திய முஸ்லிம், தாய் மலாய்க்காரர். இவர் மலாய்க்காரரா என்று கேள்வி எழுந்தது. ஆனால் அந்தத் தேர்தலுக்கான சட்ட வரையறை ரத்தத்தைப் பார்க்கவில்லை. மலாய் இனத்தவரோ வேறு இனத்தவரோ, தம்மை மலாய்ச் சமூகத்தவராகக் கருதி, அந்தச் சமூகமும் அவரைப் பொதுவாக அப்படி ஏற்றுக்கொண்டால் போதும். சமூகக் குழு சான்று கொடுத்தது. ஒரே நாட்டின் சட்டப் புத்தகங்களில் இனத்துக்கு இரண்டு வெவ்வேறு வழிகள்: பிறப்புப் பதிவில் பெற்றோர் வழி, அதிபர் பதவிக்கு வாழ்ந்த விதமும் ஊர் ஏற்றுக்கொண்டதும். குடும்ப மரபு எப்படிக் கைமாறுகிறது என்பதற்கு இரண்டாவதுதான் நெருக்கம் என்பேன்.

தட்டில் கலப்பது

பள்ளிகளில் 1997 முதல் ஜூலை 21 இன நல்லிணக்க நாள். பிள்ளைகள் வேட்டி, பாஜு கூரோங், சியோங்சாம் அணிந்து படம் எடுத்துக்கொள்வார்கள். தப்பில்லை, ஆனால் மரபை உடையாகச் சுருக்கிவிடும் ஆபத்து அதில் உண்டு. உண்மையான கலப்பு உணவங்காடிகளில் நடந்துகொண்டிருக்கிறது. 2020-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது அந்த உணவங்காடிக் கலாசாரம்தான், எந்த ஒரு இனத்தின் பண்டிகையும் அல்ல. மீன்தலைக் கறியைப் பாருங்கள். 1949 வாக்கில் கேரளத்திலிருந்து வந்த சமையல்காரர் ஒருவர் தொடங்கிவைத்ததாகச் சொல்வார்கள். குழம்பு நம்முடையது, மீன்தலையை விரும்பித் தின்றவர்கள் சீனர்கள். இந்தியாவில் தேடினால் இந்த வடிவில் கிடைப்பது அபூர்வம். மஞ்சள் மீ நூடுல்ஸைத் தக்காளியும் மிளகாயும் போட்டு வதக்கும் ‘இந்திய’ மீ கோரெங்கும் அப்படியே.

சீனப் புத்தாண்டுக்கு எல்லாரும் நின்றபடி குச்சிகளால் தூக்கிப் போட்டுக் கலக்கும் யூஷெங் என்ற பச்சைமீன் சாலட்டின் இன்றைய வடிவம் 1964-ல் சிங்கப்பூரின் நான்கு சமையல்காரர்கள் கொண்டுவந்தது என்பது இங்குள்ள கதை. மலேசியாக்காரர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள், அந்தச் சண்டை தனி. அலுவலகங்களில் ஹலால் யூஷெங் வரவழைத்து, மலாய், தமிழ், சீன ஊழியர்கள் சேர்ந்து மேசையெல்லாம் இறைக்கிறார்கள். ஓர் இனத்தின் குடும்பச் சடங்கு நாட்டுப் பழக்கமாக மாறுவது இப்படித்தான்.

கோடு போட்ட இனம்

இப்போது இங்கே பதிவாகும் திருமணங்களில் ஏறத்தாழ ஐந்து, ஆறில் ஒன்று வெவ்வேறு இனத்தவருக்கு இடையிலானது. முன்பெல்லாம் பிள்ளைக்குத் தந்தையின் இனம் என்பதே வழக்கம். 2011 முதல் இரண்டு இனங்களையும் கோடு போட்டுப் பதியலாம். தந்தை தமிழர், தாய் சீனர் என்றால் ‘இந்தியர்-சீனர்’ அல்லது ‘சீனர்-இந்தியர்’. வரிசையில் விஷயம் இருக்கிறது: வீட்டு வரம்பு போன்ற கணக்குகளுக்கு முதலில் இருப்பதைத்தான் எடுப்பார்கள். எனவே பிரசவ வார்டிலிருந்து வீடு திரும்பின கையோடு, முன்னால் எது, பின்னால் எது என்று பெற்றோர் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. பள்ளியில் தமிழா மாண்டரினா என்ற பேச்சும் அதோடு சேர்ந்தே வரும். புத்தாண்டு இரவுச் சாப்பாடு எந்தப் பாட்டி வீட்டில் என்பதற்கு மட்டும் படிவம் கிடையாது. அதைப் பெரும்பாலும் பாட்டிகள் முடிவு செய்துவிடுகிறார்கள்.